சூட்டை வைத்து நகர்வை அளக்கும் மெம்ஸ் சென்சார்: உங்கள் அனுபவம் என்ன?

மெம்ஸ் நானோபொசிஷனர்களில் (சிப்பிலேயே செதுக்கிய ஒரு சிறு மேடையை நானோமீட்டர் துல்லியத்தில் நகர்த்தும் கருவிகள்) எலக்ட்ரோதெர்மல் சென்சாரோடு பழகியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கிய இரண்டு சிலிக்கான் கீற்றுகள். ஓரிரு மைக்ரான் காற்றிடைவெளி விட்டு, நகரும் மேடையின் விளிம்பு. மேடை ஒரு பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கக் கீற்றின் சூடு காற்று வழியே மேடைக்கு அதிகமாக இறங்கும். அது குளிரும், மின்தடை குறையும். மற்ற கீற்றில் நேரெதிர். இரண்டின் வித்தியாசம்தான் நமக்கு வேண்டிய சிக்னல். ஜூரிச் ஐபிஎம் ஆய்வகத்தின் மில்லிபீட் திட்டத்தில் (சூடான ஊசிமுனைகளால் பாலிமர் படலத்தில் குழி குத்தித் தரவைச் சேமிக்கும் முயற்சி) பிறந்த யோசனை இது. 2005இல் கட்டுரையாக வந்தது, ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப்புக்காக நோபல் பெற்ற கெர்ட் பின்னிக்கும் அதை எழுதியவர்களில் ஒருவர். பாலிமர் படலத்தில் குழி இருக்கிறதா என்று சூடான ஊசிமுனை படிப்பதும் இதே முறையில்தான்: முனை குழிக்குள் இறங்கினால் அதைத் தாங்கும் நெம்புகோல் பரப்பை நெருங்கிக் கொஞ்சம் குளிர்கிறது. அதே இயற்பியலை மேடையின் இருப்பிடம் அறியவும் பயன்படுத்திக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

எங்கள் சிப்பில் மேடையை நகர்த்தியது வி-பீம் ஆக்சுவேட்டர், அதுவும் சூட்டில் இயங்குவது: வி வடிவக் கீற்றுகள் சூட்டில் விரிந்து மேடையைத் தள்ளும். ஸ்டெப் (ஒரே தாவலில் புதிய இடத்துக்குப் போகச் சொல்லும் கட்டளை) கொடுத்ததும் அவுட்புட் சட்டென்று ஏறியது. சரி, அதுவரை நல்லது. ஆனால் அப்புறமும் நிற்காமல் பல விநாடிகள் ஊர்ந்துகொண்டே இருந்தது. மேடைதான் ஊர்கிறது என்று உடன் வேலை செய்தவர் உறுதியாகச் சொன்னார். சென்சார் சொன்னது உண்மையென்றால் அரை மைக்ரானாவது நகர்ந்திருக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பை இறக்கி, சிப்பிலேயே பொறித்திருந்த வெர்னியர் (நுண்ணிய நகர்வைக் காட்டும் இரட்டை அளவுகோல்) பற்களைப் பார்த்தோம். முதலில் எந்தப் பல் எந்தப் பல்லுக்கு நேராக நின்றதோ, கடைசிவரை அதே இடத்தில்தான் நின்றது.

ஊர்ந்தது சிப்பின் வெப்பநிலை. ஆக்சுவேட்டரின் சூடு சிலிக்கான் வழியே பரவி, பக்கத்தில் இருந்த கீற்றை மட்டும் கூடுதலாகச் சூடாக்கியிருக்கிறது. சிலிக்கான் சூட்டைக் கடத்துவதில் காற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கெட்டி. இப்படி வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் டிஃபரன்ஷியல் அமைப்பு இரண்டு கீற்றுக்கும் சமமாக வரும் சூட்டைத்தான் கழிக்கும். ஒன்றுக்கு அதிகமாகப் போவதை நகர்வு என்றே எடுத்துக்கொள்ளும். அடுத்த வடிவமைப்பில் ஆக்சுவேட்டரிலிருந்து இரண்டு கீற்றுகளும் ஒரே தூரத்தில் இருக்கும்படி வைத்தோம். அந்த ஊர்தல் பெருமளவு அடங்கிவிட்டது. இந்த சென்சாருக்குத் தெரிந்தது சூடு மட்டும்தான். அதை நகர்வாக மாற்றிச் சொல்லும் பொறுப்பு முழுக்க நம் வடிவமைப்பில் இருக்கிறது என்பது என் கருத்து.

*

நீங்கள் சொன்னதோடு என் பங்குக்கு வேக்யூம் கதை. மேடை அதிரும்போது காற்றின் தணிப்பு குறையட்டும் என்று சிப்பை வேக்யூம் சேம்பருக்குள் வைத்தோம். பம்பை ஓடவிட்டதும் சிக்னல் மெலிந்துகொண்டே போய்க் கடைசியில் காணாமலே போனது. காரணம் வெளிப்படை: சூட்டைச் சுமந்து செல்லும் காற்றே இல்லையே! சாதாரண அழுத்தத்தில் காற்று மூலக்கூறு ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவே ஏறக்குறைய 70 நானோமீட்டர் போகும். அழுத்தம் முப்பதில் ஒரு பங்காகும்போது அதுவே 2 மைக்ரானைத் தொட்டுவிடும், அதாவது நம் இடைவெளியின் அளவு. அதற்குக் கீழே போகப் போகக் காற்றின் கடத்துதிறன் சரிந்துவிடும்.

இன்னொன்று, இதைச் செய்யப்போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். பம்ப் போடுவதற்கு முன்பே ஹீட்டர் வோல்டேஜைக் குறைத்துவிடுங்கள். டோப் செய்த (வேற்றணு கலந்த) சிலிக்கானில் சூடு ஏற ஏறத் தடையும் ஏறும். அதனால் நிலையான வோல்டேஜில் கீற்று தன்னைத் தானே கட்டுக்குள் வைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு வெப்பநிலைக்கு மேல் சிலிக்கானின் சொந்த மின்சுமைகள் பெருகித் தடை சரியத் தொடங்கும். அப்போது கரண்ட் ஏறும், சூடு ஏறும், மறுபடி கரண்ட் ஏறும், கீற்று உருகிப்போகும். காற்றின் குளிர்ச்சி இல்லாதபோது அந்த எல்லை ரொம்பப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

*

வேக்யூம் பற்றி எழுதியவருக்கு நன்றி, அந்த எச்சரிக்கை பலருக்கு உதவும். நான் முட்டிக்கொண்டிருப்பது தாழ் அதிர்வெண் நாய்ஸோடு. கீற்று சிறியது, உள்ளே மின்சுமைகள் குறைவு, கரண்டோ அதிகம்; ஆகவே 1/எஃப் நாய்ஸ் (அதிர்வெண் குறையக் குறையப் பெருகும் இரைச்சல்) தூக்கலாக இருக்கும். ஏசி கொடுத்து லாக்-இன் (அந்த ஏசியின் அதிர்வெண்ணில் வருவதை மட்டும் பிரித்தெடுக்கும் கருவி) வைத்தால் தீர்ந்துவிடும் என்று பலர் சொல்கிறார்கள். ஆம்ப்ளிஃபயரின் 1/எஃப் போய்விடும், உண்மைதான். ஆனால் தடையே ஏறி இறங்குவதால் வரும் நாய்ஸ் கேரியரோடு (அந்த ஏசி அலையோடு) சேர்ந்து மேலே போய், டீமாடுலேட் செய்ததும் (அலையிலிருந்து சிக்னலைப் பிரித்ததும்) அப்படியே திரும்பி வந்து நிற்கும். எனக்குப் பலன் தந்தது வேறு வழி: மெதுவான நகர்வுக்கு மின்தேக்கத்தின் மாற்றத்தை அளக்கும் கெப்பாசிடிவ் சென்சார், வேகமானதற்குத் தெர்மல், இரண்டையும் ஃபில்டரில் சேர்ப்பது. தெர்மல் சென்சாரை மட்டுமே வைத்து மணிக்கணக்கில் நிலையாக ஓட்டியவர்கள் இருந்தால், கீற்றை எவ்வளவு சூட்டில் வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.