ட்ராக் டே ஓட்டினால் இன்ஜின் வாரன்ட்டி போய்விடுமா? (ஜிஆர்86, அமெரிக்கா)

ஆறாவது_கியர்
வணக்கம். டெக்ஸாஸில் புது டொயோட்டா ஜிஆர்86 மேனுவல் எடுக்கப் போகிறேன். வருஷத்துக்கு ரெண்டு மூணு ட்ராக் டே (சொந்தக் காரைப் பந்தயத் தளத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) ஓட்டுகிற எண்ணம். பந்தயம் இல்லை, டைமிங் இல்லை. பவர்ட்ரெயினுக்கு, அதாவது இன்ஜின், கியர்பாக்ஸ் வகையறாவுக்கு, 5 வருஷம் அல்லது 60,000 மைல் வாரன்ட்டி உண்டு. ஆனால் 2022-ல் இதே மாடலில் இன்ஜின் போன ஒருவருக்கு, கார் ட்ரிஃப்ட் அடிக்கிற போட்டோவை இணையத்தில் எடுத்துக் காட்டி க்ளெய்மை மறுத்தார்களே, அதுதான் பயமுறுத்துகிறது. ட்ராக்கில் இறங்கினாலே வாரன்ட்டி காலியா? எக்ஸாஸ்ட் மாற்றலாமா? நிஜமாகவே இன்ஜின் போனால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கேம்ஷாஃப்ட்
நண்பரே, இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். வெளிப் பாகம் மாட்டுவது ஒன்று, ஓட்டும் விதம் இன்னொன்று.

பாகத்துக்கு 1975-ல் வந்த மேக்னஸன்-மாஸ் சட்டம் துணை நிற்கும். எங்கள் பாகத்தைத்தான் போட வேண்டும், எங்களிடம்தான் சர்வீஸ் விட வேண்டும் என்று கம்பெனி நிபந்தனை போட முடியாது. இலவசமாகத் தந்தால் வேறு. 2018-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் இதற்காகவே ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, அதில் ஹூண்டாயும் உண்டு. புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள எக்ஸாஸ்டை மாற்றினீர்கள் என்பதற்காக கியர்பாக்ஸ் க்ளெய்மை மறுத்தால், இதனால் அது எப்படிப் பழுதானது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். காய்லோவர் (உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்) போட்டு வீல் பேரிங் போனால் அது வேறு கதை, அங்கே அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கும்.

ஓட்டும் விதத்துக்கு இந்தச் சட்டம் அவ்வளவாக உதவாது. வாரன்ட்டி புத்தகத்தில் 'பந்தயம்', 'தவறான பயன்பாடு' என்று விலக்கு இருக்கும். அந்த வரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பயிற்றுநரோடு, நேரம் எடுக்காமல் ஓட்டுவது பந்தயம் ஆகாது என்பதுதான் உங்கள் வாதம். ஜிஆர்86 வாங்குகிறவருக்கு நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷனின் ஒரு வருஷ உறுப்பினர் சந்தாவும் ஒரு ட்ராக் நாளும் டொயோட்டாவே கொடுத்தது. ட்ராக்குக்கு வா என்று கூப்பிட்டுவிட்டு, போனதற்காகக் கைவிரிப்பது அநியாயம். 2022 விவகாரத்திலும் செய்தி பரவிய பிறகு டொயோட்டா இறங்கி வந்தது. ஹூண்டாய் ஆஸ்திரேலியாவில் தன் 'N' வரிசை ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு, போட்டியில்லாத, நேரம் எடுக்காத ட்ராக் ஓட்டத்துக்கும் வாரன்ட்டி உண்டு என்று வெளிப்படையாகவே சொல்கிறது. மற்றவர்களும் அப்படி எழுதித் தரட்டும்.

ஸ்பேனர்_செட்
இந்த இன்ஜினில் பிரச்சினை எங்கே வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சுபாரு தயாரிக்கும் 2.4 லிட்டர் பாக்ஸர் இது. ஆயில் பேனுக்கு (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டு) கேஸ்கெட் கிடையாது, ஆர்டிவி சிலிகான் பசை மட்டும்தான். ஃபேக்டரியில் பசை அதிகமாகிவிட்டால், உள்பக்கம் பிதுங்கியது நூல் நூலாகப் பிய்ந்து, ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் வலையில் போய் ஒட்டும். ஆயில் பிரஷர் விழும், பேரிங் தேயும், கடைசியில் கனெக்டிங் ராட் தட்டும் சத்தம்.

இன்னொன்று, நீளமான வலது வளைவில் ஒட்டும் டயரோடு போனால் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி பிரஷர் குறைகிறது. பசை என்றால் தயாரிப்புக் குறை. வளைவு என்றால் 'நீ ஓட்டிய விதம்' என்பார்கள். அதனால் வலையில் என்ன இருந்தது என்பதுதான் முக்கியச் சாட்சி.

சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள், மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள், டோ வண்டிதான். டீலரிடம் இன்ஜினைப் பிரிக்கக் கையெழுத்துப் போடும் முன், க்ளெய்ம் மறுக்கப்பட்டால் பிரித்த கூலி யார் தலையில் என்று எழுத்தில் வாங்குங்கள். பல இடங்களில் அது உங்கள் தலையில்தான் விழும். பேன் கழற்றும்போது பிக்கப் வலையைக் கழுவும் முன் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், பழைய பாகங்களைத் தூக்கிப் போடக் கூடாது என்று வேலைச் சீட்டிலேயே எழுதுங்கள். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் மடிப்புகளில் செம்பு மினுக்கம் தெரியும், அது பேரிங் உலோகம். கொஞ்சம் ஆயிலை லேப் டெஸ்டுக்கு எடுத்து வையுங்கள்.

லாக்_டேட்டா
ட்யூன் மட்டும் வேண்டாம், அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியுவின் மென்பொருளை மாற்றாதீர்கள். அதைப் பழையபடி கம்பெனி செட்டிங்குக்கு மாற்றினாலும் தடயம் நிற்கும். ஃபோக்ஸ்வாகன், ஆடியில் ட்யூன் செய்த கார் என்று காட்டும் 'டிடி1' குறி விழுந்தால் பவர்ட்ரெயின் க்ளெய்ம் அதோடு சிக்கல். போர்ஷேயில் எத்தனை முறை எந்த அளவுக்கு ஓவர்-ரெவ் ஆனது (இன்ஜின் அனுமதித்த வேகத்தைத் தாண்டிச் சுழன்றது) என்பதே பதிவாகிறது. ஐந்திலிருந்து நாலுக்கு இறக்கும்போது தவறி இரண்டில் விழுந்தால், ரெவ் லிமிட்டர் காப்பாற்றாது. அது எரிபொருளைத்தான் வெட்டும், சக்கரம் இன்ஜினைச் சுழற்றுவதைத் தடுக்காது. அப்படிப் போன இன்ஜினுக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காது, கேட்பதும் முறையில்லை.

ஆறாவது_கியர்
நன்றி. அப்படியானால் கார் வந்ததும் பேனைக் கழற்றி வலையைச் சுத்தம் செய்துவிடலாமா?

ஸ்பேனர்_செட்
நீங்களே கழற்ற வேண்டாம். பேனை மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும். பிறகு உள்ளே பசை கிடைத்தால் 'இது நீ போட்டது' என்பார்கள். டீலரிடம் சோதிக்கக் கேளுங்கள், மறுத்தால் மறுத்ததையாவது வேலைச் சீட்டில் தேதியோடு எழுத வையுங்கள். ஒவ்வொரு ட்ராக் டேவுக்குப் பிறகும் ஆயில் மாற்றி, ஆயிலின் கிரேடும் மைலேஜும் தெரிகிற மாதிரி ரசீதை வையுங்கள்.

கேம்ஷாஃப்ட்
மறுப்பு வந்தால் வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். எந்த விதியின் கீழ், எந்த ஆதாரத்தை வைத்து என்று கடிதம் கேளுங்கள். அடுத்து டீலரை விட்டுவிட்டு கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவில் கேஸ் நம்பர் வாங்கி, அவர்கள் ஆளே நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் வக்கீல். வழக்கு ஜெயித்தால் வக்கீல் செலவையும் கம்பெனியிடமிருந்து கேட்க அதே 1975 சட்டத்தில் வழி இருக்கிறது.