அலி கையெழுத்துப் போட்ட படத்துல பூஞ்சை, வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், குன்னூர்லேருந்து எழுதுறேன். எங்கப்பா வெலிங்டன்ல ராணுவத்துல இருந்தப்ப பாக்ஸிங் பண்ணவர். அவர் ஞாபகமா வீட்ல இருக்கிறது ஒரு முகமது அலி ஓவியப் பிரதி. 1965 மே 25, அமெரிக்காவுல லூயிஸ்டன் ஊர். முதல் ரவுண்டுலயே சன்னி லிஸ்டன் மல்லாந்து கிடக்க, அலி வலது கையை மடக்கிக்கிட்டு மேல நின்னு கத்துற அந்தக் காட்சி. கீழ் மூலையில கறுப்பு மார்க்கர்ல அலி கையெழுத்து.

இந்த மழையிலயும் மூடுபனியிலயும் கண்ணாடி உள்பக்கம் வேர்த்து, லிஸ்டன் தோள் மேல வெள்ளையா பூஞ்சை பொட்டுப் பொட்டா பிடிச்சிருக்கு. கையெழுத்தோட வால் கண்ணாடியில ஒட்டிக்கிச்சு. இழுத்தா மை உரிஞ்சிடுமோன்னு கையே வைக்கல. ஒரு ஃப்ரேம் கடையில லேமினேட் பண்ணச் சொன்னாங்க, நான் ஒத்துக்கல. அப்புறம் பிரிக்கவே முடியாதே!

கோவை, ஊட்டி பக்கம் பழைய காகித ஓவியங்களைச் சரிபண்றவங்க யாராவது தெரியுமா? அதுவரைக்கும் சுவத்துலேருந்து இறக்கி, ஈரமில்லாத அறையில வெச்சிருக்கேன். அது போதுமா?

இன்னொண்ணு. லென்ஸ் வெச்சுப் பார்த்தேன், கையெழுத்துல அச்சுப் புள்ளி இல்ல, மை ஓடின தடம் தெரியுது. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கணும். 1980-ல அலி சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு வந்தப்ப உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது கையெழுத்து வாங்கியிருந்தா, ஒரு போட்டோ அனுப்புங்க. விக்கிற எண்ணமெல்லாம் இல்லங்க. அப்பா வாங்கினது நிஜம்தானான்னு அம்மாவுக்குச் சொல்லணும்.