அவசர உதவி: பழைய கார், நாளைக்கு அட்வான்ஸ், என்னென்ன பார்க்கணும்?

தாம்பரம்வாசி:
வணக்கம். ஒரு கார் பார்த்து வச்சிருக்கேன். நேரா ஓனர்கிட்ட இருந்து, நடுவுல புரோக்கர் இல்ல. வண்டி பளபளன்னு இருக்கு, ஓட்டிப் பார்த்தேன், ஸ்மூத்தா போகுது. 4.40 சொன்னாரு, பேசிப் பேசி 4.20-க்கு வந்திருக்காரு. வேற பார்ட்டியும் கேட்குதாம், அதனால நாளைக்குக் காலையிலயே 50 ஆயிரம் அட்வான்ஸ் கேட்கிறாரு. எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் யாரும் இல்ல. போய் என்னென்ன பார்க்கணும்? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

சேலத்துக்காரன்:
என்ன வண்டி? எந்த வருஷம்? பெட்ரோலா டீசலா? எத்தனையாவது ஓனர்? இதெல்லாம் தெரியாம என்னங்க சொல்றது?

ரெண்டாம்கியர்:
டிஎன் ரிஜிஸ்ட்ரேஷன்தானே? பாண்டி, கர்நாடகா வண்டின்னா அங்க இருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கணும், இங்க ரோடு டாக்ஸ் கட்டணும். அந்தக் காசையும் விலையோட சேர்த்துப் பாருங்க.

வெள்ளம்பார்த்தவன்:
எந்த வண்டியா இருந்தாலும் சரி, சென்னை வண்டின்னா முதல்ல தண்ணியில நின்னதான்னு பாருங்க. 2015-லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் எத்தனை வண்டி மூழ்குச்சுன்னு நேர்ல பார்த்தவன் நான். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. வெளியில தெரியிற பாகத்தைத்தான் துவைப்பாங்க, உள்ள சுருண்டு கிடக்கிற கடைசி ஒரு முழத்துல சேத்துக்கறை கோடு மாதிரி நிக்கும். சீட்டைப் பின்னால தள்ளிட்டு, அடியில இருக்கிற ரயில், போல்ட்டுல துரு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியையும் பாருங்க. ஏசியை நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஏத்திட்டு ரெண்டு நிமிஷம் உள்ளே உட்காருங்க, ஈரக் கார்ப்பெட் வாடை தானா வரும். காருக்குள்ள வாசனை பாட்டில் நிறைய தொங்குச்சுன்னா கூடுதலா சந்தேகப்படுங்க.

ஸ்பேனர்செட்:
இந்தக் கேள்விக்கு நான் இங்க பலமுறை விரிவா எழுதியிருக்கேன். தேடிப் படிச்சிருந்தா இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. வண்டி பேரைக்கூடச் சொல்லாம 4 லட்ச ரூபாய் விஷயத்துல ஒரே ராத்திரியில பதில் கேட்கிறவங்க கார் வாங்குறதைத் தள்ளிப் போடுறது நல்லது. மெக்கானிக் பழக்கமில்லன்னா 1,000, 2,000 கொடுத்து ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. 4 லட்சத்துல அது பெரிய காசு இல்ல.

தாம்பரம்வாசி:
2017 ஸ்விஃப்ட் டீசல், டிஎன் வண்டி, 2-வது ஓனர், மீட்டர்ல 64 ஆயிரம். இன்சூரன்ஸ் இன்னும் 5 மாசம் இருக்கு.

மீட்டர்மணி:
டீசல் வண்டிக்கு 64 ஆயிரம்னா நான் நம்ப மாட்டேன். ஓட்டம் இருக்கிறவங்கதான் டீசல் வாங்குவாங்க. டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும், 2317-ன்னா 2017-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. இப்ப கிடக்கிறது எத்தனையாவது செட்னு கணக்குப் போடலாம். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர் வழவழன்னு தேஞ்சிருக்கா, இல்ல புதுசா மாத்தியிருக்கான்னும் பாருங்க.

சேலத்துக்காரன்:
ஓடாம நின்ன வண்டிக்கும் வயசாச்சுன்னு டயர் மாத்துவாங்க மணி, அதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டுல கிலோமீட்டர் ஏறும். ஓனரையே கூட்டிட்டுப் போய் வண்டி நம்பரைச் சொல்லி ஹிஸ்டரி கேளுங்க. நேர்மையான ஆளுன்னா கூட வருவாரு.

பட்டறைபாண்டி:
தம்பி, நான் டீசல் வேலை பார்க்கிறவன். முக்கியமா ஒண்ணு, நீங்க போறதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு ராத்திரியே ஓனர்கிட்ட சொல்லிடுங்க. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்க, சூடா இருக்கக் கூடாது. குளிர்ந்த இன்ஜின்லதான் குறை தெரியும். ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் மேல் பக்கம், உள்ள ஓடுற டைமிங் செயின் சத்தம் கரகரன்னு கேட்குதான்னு கவனிங்க. ஐடில்ல, அதாவது ஆக்சிலரேட்டர் அழுத்தாம இன்ஜின் ஓடும்போது, ஆயில் மூடியைத் திறந்து தலைகீழா அந்த ஓட்டை மேல வைங்க. எகிறி விழுந்து, கூடவே புகையும் குபுகுபுன்னு வந்தா பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் காத்து உள்ளுக்குள்ள கசியுது. பிஸ்டன் ரிங் போயிருக்கலாம், பெரிய செலவு. சைலன்சர்ல நீலப் புகை வந்தா ஆயில் எரியுது, வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்கலன்னா கூலண்ட்டைச் சந்தேகப்படணும். ஓட்டும்போது 4-வது கியர்ல 40-ல இருந்து ஒரே அழுத்தா அழுத்துங்க. ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி இழுக்கலன்னா கிளட்ச் முடிஞ்சது.

ரெண்டாம்கியர்:
டைமிங் பெல்ட் மாத்தியாச்சான்னும் கேட்டுக்குங்க.

பட்டறைபாண்டி:
அது ஃபியட்டோட 1.3 இன்ஜின், பெல்ட் கிடையாது, செயின்தான். அதனாலதான் சத்தத்தைக் கேட்கச் சொன்னேன். ஆயிலை நேரத்துக்கு மாத்தாத வண்டியில செயின் சீக்கிரம் தளரும்.

பெட்ரோல்பிரியன்:
2017 டீசலா? 10 வருஷம்தானே லைஃப். 2027-ல இரும்புக் கடைக்குப் போற வண்டிக்கு 4.20 கொடுக்கணுமா?

சேலத்துக்காரன்:
அந்த 10 வருஷக் கணக்கு டெல்லி என்சிஆருக்கு (டெல்லியும் சுத்துவட்டாரமும்) வந்தது. 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-ல சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணுச்சு. தமிழ்நாட்டுல சொந்த உபயோகக் காருக்கு 15 வருஷம் ஆர்சி (பதிவுச் சான்று), அப்புறம் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி 5 வருஷம் புதுப்பிக்கலாம்.

பெட்ரோல்பிரியன்:
இன்னைக்கு டெல்லி, நாளைக்கு இங்க. புதுப்பிக்கிற ஃபீஸே 600-ல இருந்து 5,000 ஆக்கினாங்க.

சேலத்துக்காரன்:
2022-ல ஏத்தினாங்க, உண்மைதான். அது பெட்ரோலுக்கும் சேர்த்துத்தானே? வராத சட்டத்தைச் சொல்லி ஒருத்தரைப் பயமுறுத்தாதீங்க.

பெட்ரோல்பிரியன்:
பயமுறுத்தல, திருப்பி விற்கும்போது டீசலை யார் கேட்பாங்கன்னு சொல்றேன்.

ஸ்பேனர்செட்:
ரெண்டு பேரும் தனி இழை ஆரம்பிங்க. கேட்டவருக்கு விடிஞ்சா அட்வான்ஸ், இன்னும் ஒருத்தர்கூட பேப்பரைப் பத்திப் பேசல. எம்பரிவாகன்கிற கவர்மென்ட் ஆப்ல வண்டி நம்பரைப் போட்டு ஃபைனான்ஸ் நிலுவை, இன்சூரன்ஸ், சலான் எல்லாம் பாருங்க. ஆர்சியில இருக்கிற சேசிஸ், இன்ஜின் நம்பரை வண்டியில அடிச்சிருக்கிறதோட எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க. ஆர்சியில ஹெச்பி (வண்டி மேல லோன் இருக்கிற பதிவு) இருந்தா, லோன் முடிஞ்சதுக்கு பேங்க் என்ஓசியும், அந்தப் பதிவை நீக்க பேங்க்கும் ஓனரும் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35-ம் இல்லாம ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க. பேர் மாத்த ஃபார்ம் 29, 30. வாங்கின 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்த எழுதிக் கொடுக்கணும். நோ கிளைம் போனஸ் (கிளைம் பண்ணாததுக்கு இன்சூரன்ஸ்ல கிடைக்கிற தள்ளுபடி) பழைய ஓனருக்குத்தான் சொந்தம், அது உங்களுக்கு வராது.

தாம்பரம்வாசி:
ஆப்ல பார்த்துட்டேன். ஃபைனான்ஸ் இருக்குன்னு காட்டுது. கேட்டா, லோன் போன வருஷமே முடிஞ்சது, என்ஓசி எங்கேயோ வச்சுட்டேன், பேர் மாத்தும்போது பார்த்துக்கலாம்கிறாரு.

ஸ்பேனர்செட்:
அப்ப அட்வான்ஸும் பேர் மாத்தும்போதே கொடுங்க. லோன் முடிஞ்சது நிஜம்னா பேங்க்ல எழுதிக் கொடுத்து அவரே மறுபடி என்ஓசி வாங்கலாம்.

வெள்ளம்பார்த்தவன்:
பெல்ட்டை இழுக்க மறந்துடாதீங்க.

பட்டறைபாண்டி:
முன் ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேல இருக்கிற தகடு), பானட் போல்ட்டுல ஸ்பேனர் பட்டு பெயிண்ட் உதிர்ந்திருக்கான்னும் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் கழட்டி மாட்டியிருந்தா அடி வாங்கின வண்டி. ஏப்ரான்ல (பானட்டுக்குள்ள ரெண்டு பக்கமும் இருக்கிற பாடித் தகடு) பட்டி வேலை தெரிஞ்சா வேண்டாம், விட்டுடுங்க.

தாம்பரம்வாசி:
காலையில போனேன். பானட் சூடா இருந்துச்சு, பையன் பால் வாங்க எடுத்துட்டுப் போனானாம். பெல்ட், ஸ்டெப்னி குழி எல்லாம் சுத்தம். வலது ஃபெண்டர் போல்ட்டுல மட்டும் ஸ்பேனர் தடம். அட்வான்ஸ் கொடுக்கல, என்ஓசி வரட்டும்னு சொல்லிட்டு வந்துட்டேன். எல்லாருக்கும் நன்றி.

மீட்டர்மணி:
சர்வீஸ் ஹிஸ்டரியில எவ்வளவு கிலோமீட்டர்னு சொல்லலையே?

பட்டறைபாண்டி:
என்ஓசி வந்ததும் மறுபடி போவீங்கல்ல, அப்ப விடியக்காலையில சொல்லாமப் போங்க தம்பி.