மொட்டைக் கிழங்கை எறிந்தவனின் கதை: லேஸ் செடி வளர்த்தவர்கள் வாருங்கள்

மடகாஸ்கர் லேஸ் செடியை வீட்டு மீன் தொட்டியில் வளர்த்தவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். முதலில் நான் என் கதையைக் கொட்டிவிடுகிறேன்.

பார்க்காதவர்களுக்காக ஒரு வரி. இந்தச் செடியின் இலையில் நரம்புகள் மட்டும்தான் தெரியும். நரம்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய சதை இருக்காது. சல்லடையைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டதுபோல ஆடிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் "இலையைப் புழு அரித்துவிட்டதா?" என்று கேட்பார்கள். அறிவியல் பெயர் அப்போனோஜெட்டான் மடகாஸ்காரியென்சிஸ். நாம் கொட்டிக்கிழங்கு என்று சொல்கிறோமே, அதுவும் இதே பேரினம்தான். குளம் வற்றினாலும் கொட்டி எங்கும் போகாது, சேற்றுக்குள் கிழங்காகக் கிடக்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த விஷயம். இந்தச் சொந்தபந்தத்தை அப்போதே யோசித்திருந்தால் என் முதல் கிழங்கு குப்பைக்குப் போயிருக்காது.

அது ஐந்தாறு மாதம் அட்டகாசமாக வளர்ந்தது. ஒவ்வொரு இலையும் முழங்கை நீளம். அப்புறம் புது இலைகள் ஒன்றைவிட ஒன்று சிறியதாக வர ஆரம்பித்தன. பழைய இலைகள் பழுப்பாகிக் கரைந்தன. பசிதான் காரணம் என்று நினைத்து உரத்தைக் கூட்டினேன். விளக்கு நேரத்தையும் கூட்டினேன். செடி தேறவில்லை, பாசிதான் தேறியது. ஒரே மாதத்தில் மொட்டைக் கிழங்கு மிஞ்சியது. செத்துவிட்டது என்று எடுத்து எறிந்தேன். விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்க்கவில்லையே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அழுகிய கிழங்கு நசுங்கும், மூக்கைப் பொத்த வைக்கும். உயிருள்ள கிழங்கு உருளைக்கிழங்கு போலக் கெட்டியாக இருக்கும். நான் எறிந்தது எது என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது கிழங்கு கிடைக்கவே ஒன்றரை வருடம் ஆயிற்று. இந்த முறை முளை வரும் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அது மண்ணுக்கு மேலே தெரியும்படி வைத்தேன். முழுக்கப் புதைத்தால் அழுகத்தான் வழி. முதல் மூன்று இலைகளில் ஓட்டையே இல்லை. ஏமாந்துவிட்டோமோ என்று பயந்தேன். ஆனால் இளம் செடியின் முதல் இலைகள் அப்படித்தான் வருமாம். ஓட்டை அடுத்து வரும் இலைகளில்தான்.

அந்த ஓட்டை விழுகிற விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இலை பிறக்கும்போது முழுசாகத்தான் பிறக்கிறது. சுருண்டு, செம்பழுப்பாக இருக்கும். விரிய விரிய, நரம்புகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு சின்னக் கட்டத்தின் நடுவிலும் அந்தச் சிவப்பு வெளிறும். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் குட்டிக் குட்டி ஜன்னல்கள் போல இருக்கும். சில நாளில் அந்த இடத்தில் இருந்த செல்கள் தாமாகவே செத்து, ஜன்னல் திறந்துகொள்ளும். சாவு நரம்பு வரை வராது. ஓரத்தில் சில அடுக்குச் செல்களை விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடும். கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் இதையே வருடக்கணக்கில் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை. ஆனாலும் தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே லென்ஸோடு தொட்டி முன்னால் நின்றிருக்கிறேன்.

பராமரிப்பில் என்னைப் படுத்தியது சூடு. 20 முதல் 24 டிகிரி வரை செடி நிதானமாக இருந்தது. 28ஐத் தாண்டிய வாரங்களில் இலை வேகமாக வரும், அதே வேகத்தில் கரையும். தண்ணீர்ப் பரப்பின்மேல் காற்றடிக்கும்படி சின்ன மின்விசிறி ஒன்றை வைத்தேன். இரண்டு மூன்று டிகிரி இறங்கியது. ஆனால் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைகிற அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினேன், அது வேறு வேலை. வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றினேன். இதில் மட்டும் சோம்பல் கூடாது. இது ஓடும் நீரில் வளரும் செடி, தேங்கிய தண்ணீர் இதற்கு ஆகாது.

ஒன்பதாம் மாதம் இலைகள் மறுபடி சிறுத்தன. இந்தத் தடவை நான் ஒன்றும் கூட்டவில்லை. கடைசி இலையும் போன பிறகு கிழங்கை எடுத்து, ஒரு டப்பாவில் ஈர மணலும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான, இருட்டான மூலையில் வைத்தேன். ஞாயிறு தோறும் ஒரு அழுத்து. இரண்டு மாதம் கழித்துத் தொட்டிக்குத் திருப்பினேன். பன்னிரண்டாம் நாள் சிவப்பாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "எங்கே, ஒன்றுமே தெரியவில்லையே" என்றார்கள்.

* * *

அண்ணா, நீங்களாவது லேஸ் செடியைத்தான் வளர்த்தீர்கள். நான் லேஸ் என்று நம்பி வாங்கிய கிழங்குக்கு இரண்டரை மாதம் காவல் இருந்தேன். நீங்கள் சொன்னது போலவே "முதல் இலைகளில் ஓட்டை இருக்காது, பொறு" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பொறுத்தேன். பதினோராவது இலையும் முழுசாக வந்தது. வெளிர் பச்சை, ரிப்பன் மாதிரி அலை அலையான ஓரம். கடைசியில் பார்த்தால் அது அப்போனோஜெட்டான் உல்வேசியஸ். அதுவும் மடகாஸ்கர்தான், கிழங்கைப் பார்த்து நம்மைப் போன்றவர்கள் வித்தியாசம் சொல்ல முடியாது. ஓட்டையுள்ள ஒரு இலையாவது ஒட்டிக்கொண்டிருந்தால்தான் வாங்குவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். உல்வேசியஸ் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அழகான செடி, சொன்னபடி கேட்கும். இருந்தாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சின்ன எரிச்சல்.

* * *

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன் நண்பரே. கிழங்கை வெளியே எடுத்து ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் அனுபவத்தில் சரியில்லை. என் செடி மூன்று வருடமாக ஒரே இடத்தில் இருக்கிறது, நான் ஒருமுறைகூடப் பிடுங்கியதில்லை. நடுவே இரண்டு தடவை சுணங்கி, நான்கைந்து குட்டி இலைகளோடு உட்கார்ந்திருந்தது. பிறகு தானே எழுந்தது. நம்மில் பலருடைய செடி ஒன்பது மாதத்தில் படுப்பதற்குப் பாதிக் காரணம் பட்டினி என்று நினைக்கிறேன். வெறும் சரளையில் நட்டுவிட்டு, கிழங்கிலிருக்கும் சேமிப்பைச் செடி தின்று தீர்ப்பதைத்தான் "நன்றாக வளர்கிறது" என்கிறோம். சேமிப்பு தீர்ந்ததும் கதை முடிகிறது. நான் களிமண் கலந்த அடிமண்ணைக் கனமாகப் போட்டிருக்கிறேன், மாதம் ஒருமுறை வேருக்குப் பக்கத்தில் உர மாத்திரை புதைக்கிறேன். என் தொட்டி இயல்பாகவே 22 டிகிரியைத் தாண்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சூட்டில் என் வழி எடுபடுமா என்பது வேறு கேள்வி.

பூத்ததைப் பற்றி நீங்கள் எழுதவில்லையே? எனக்கு இரண்டு முறை பூத்தது. தண்டு தண்ணீருக்கு மேலே வந்து, நுனியில் இரண்டாகப் பிரிந்து, நாக்கு மாதிரி இரண்டு கதிர்கள். அந்தப் பக்கம் தொட்டி மூடியைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. ஒரு மீன் குதித்துச் செத்ததுதான் அதற்கு நான் கொடுத்த விலை.

* * *

பாசியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. என் செடியைக் கொன்றது பாசிதான். அகல இலை என்றால் விரலால் வழித்துவிடலாம். இந்தச் சல்லடையில் ஒவ்வொரு ஓட்டையிலும் தூசி சிக்கும், தூசியில் பாசி பிடிக்கும். மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தேன், இலைதான் கையோடு வந்தது. பாசி தின்னட்டும் என்று பிரிஸ்டில்நோஸ் மீன் ஒன்றை விட்டேன். அது பாசியோடு நரம்பையும் சுரண்டிவிட்டது. இரண்டாம் சுற்றில் விளக்கைக் குறைத்து, மேலே கொஞ்சம் மிதவைச் செடியைப் பரப்பி நிழல் கொடுத்தேன். பத்து அமானோ இறால்களையும் விட்டேன். அவை ஓட்டைக்குள் காலை விட்டு நோண்டி நோண்டித் தின்பதைப் பார்க்கவே தனியாக நேரம் ஒதுக்கலாம். ஒரே எச்சரிக்கை, இறால் இருக்கும் தொட்டியில் செம்பு கலந்த மீன் மருந்து எதையும் ஊற்றிவிடாதீர்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி வருகிறேன். பட்டினி விஷயம் யோசிக்க வைத்தது. என்னுடையதும் வெறும் சரளைதான், மறுக்க மாட்டேன். உர மாத்திரையை இந்த வாரமே புதைக்கிறேன். ஆனால் 28 டிகிரியில் செடி படுக்காமல் நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மடகாஸ்கரில் பேசும் மலகாசி மொழியில் 'ஊவி' என்றால் கிழங்கு, 'ரானோ' என்றால் தண்ணீர். பழைய தாவர நூல்களில் இதன் பேரினப் பெயராக இருந்த ஊவிராண்ட்ரா அதிலிருந்துதான் வந்ததாம். 1850களில் வில்லியம் எல்லிஸ் என்ற பாதிரியார் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகு உலகமே இலையைப் பார்த்து வாய் பிளந்தது. அந்த ஊர்க்காரர்களோ கிழங்கைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் அதைச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் ஆயிற்றே.

* * *

எல்லாருக்கும் வணக்கம். நான் புதிதாக வளர்ப்பவள். என் கிழங்கு நான்கு வாரமாக மொட்டையாகக் கிடக்கிறது. இன்றைக்குத் தொட்டியைக் கழுவி எறிந்துவிடலாம் என்று இருந்தேன், அதற்குள் இது கண்ணில் பட்டது. அழுத்திப் பார்த்தேன் அண்ணா. கெட்டியாகத்தான் இருக்கிறது, ஒரு ஓரம் மட்டும் மெத்தென்று இருக்கிறது. நாற்றம் இல்லை.

* * *

எறியாதீர்கள் அம்மா. மெத்தென்று இருக்கும் ஓரத்தைக் கூர்மையான, சுத்தமான கத்தியால் சீவுங்கள், கெட்டியான வெளிர்ச் சதை வரும்வரை. பிறகு இரண்டு மூன்று நாள் சுத்தத் தண்ணீரில் தனியாகப் போட்டு, வெட்டிய இடம் மறுபடி இளகுகிறதா என்று பாருங்கள். இளகவில்லை என்றால் டப்பா, ஈர மணல், இருட்டு மூலை. ஞாயிற்றுக்கிழமை அழுத்திப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.