உப்புவெளிக் காணியும் 2000 உருண்டையும்

தம்பி: எல்லாரும் இருக்கிறீர்களா? திருகோணமலை உப்புவெளிக் காணியில் ‘பெயின்ட்போல்’ களம் போடலாம் என்று யோசிக்கிறேன். சாய உருண்டைகளை ஒருவர்மேல் ஒருவர் சுட்டு விளையாடுவது. சீசனுக்கு வருகிறவர்கள் நிலாவெளியில் குளித்து, புறாமலைக்குப் போய்விட்டு வந்தால் பின்னேரத்தில் செய்ய ஒன்றுமில்லை.

அம்மா: துவக்குச் சுடுகிற விளையாட்டா? இந்த ஊரில் வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா உனக்கு?

தம்பி: துவக்கு இல்லை அம்மா. காற்று அமுக்கத்தில் வேலை செய்வது. மார்க்கர் என்றுதான் சொல்வார்கள்.

அம்மா: பெயரை மாற்றிவிட்டால் ரோட்டில் பார்க்கிறவனுக்குத் தெரியுமா? அதைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. பெட்டியில் பூட்டி வானில் ஏற்று.

பெரியக்கா: அது இருக்கட்டும். முதலில் காசைச் சொல்லு.

தம்பி: மார்க்கரும் முகமூடியும் ஒருமுறைச் செலவு. உருண்டைதான் கொல்கிறது. ஒரு பெட்டியில் 2000. அண்ணா அங்கே விலை பார்த்தார்.

டொராண்டோ அண்ணா: மலிவானது 40 அமெரிக்க டொலர், நல்லது 60. நடுவில் 50 என்று வையுங்கள்.

பெரியக்கா: டொலரை 300 ரூபா என்று போட்டாலும் பெட்டி 15,000. உருண்டை ஒன்று ஏழரை ரூபா. கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் தனி. ஒரு ஆள் எத்தனை சுடும்?

தம்பி: 200இல் நிறுத்தினால் பெரிய விஷயம்.

பெரியக்கா: அப்படியென்றால் ஆளுக்கு 1,500 ரூபா மணலில் கொட்டுகிறது. பத்துப் பேர் வந்தால் பெட்டி காலி.

தம்பி: அதனால்தான் மாற்று உருண்டை தேடுகிறேன். ரீபோல் என்று ஒன்று இருக்கிறது. உடையாது, பொறுக்கிக் கழுவித் திரும்பச் சுடலாம். விலை பல மடங்கு கூடத்தான், ஆனால் திரும்பத் திரும்பப் பாவிக்கலாமே.

பெரியக்கா: யார் பொறுக்குவது?

தம்பி: 🙂

டொராண்டோ அண்ணா: நான் அதை வைத்து விளையாடியிருக்கிறேன். ஆனால் அது உள்ளரங்கு. சுற்றிவர வலை, சீமெந்துத் தரை, கூட்டித் தள்ளினால் மூலையில் சேர்ந்துவிடும். உன் காணியில் அடம்பன் கொடிக்குள்ளே போனது போனதுதான். மணல் ஒட்டினதைக் கழுவாமல் போட்டால் மார்க்கரின் குழாயும் கீறுப்படும். எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், சாயம் ஒட்டாது. பட்டது என்று ஒருவனும் ஒத்துக்கொள்ள மாட்டான். கரம் போட்டில் சிவப்புக் காயைப் போட்டேன் போட்டேன் என்று சித்தப்பா அடித்த சத்தம் நினைவிருக்கிறதா?

பெரியக்கா: 😂😂

தம்பி: நைலோன் உருண்டையும் விற்கிறார்கள். அது மலிவு.

பாமசி மாமா: மருமகன், அந்தக் கதையே வேண்டாம். அது தகரத்துக்கும் இலக்குப் பலகைக்கும் அடிப்பது. சாய உருண்டை உடம்பில் பட்டவுடன் உடைவதால்தான் அடியின் வேகம் சிதறுகிறது. உடையாத கெட்டி உருண்டை முழு அடியையும் ஒரே இடத்தில் இறக்கிவிடும். நுரை மாதிரி மெத்தென்று இருந்தால் வேறு.

பாமசி மாமா: சரி, சாதாரண உருண்டையின் ஓடு என்னவென்று தெரியுமா? அத்தார் தினமும் விழுங்குகிற மீனெண்ணெய் மாத்திரைதான். அதே ஜெலற்றின். இரண்டு ஜெலற்றின் நாடாக்களை உருளைகளுக்கு நடுவே விட்டு, உள்ளே திரவத்தை நிரப்பி, ஒட்டி வெட்டுகிற இயந்திரத்தை 1930களில் ஷெரர் என்ற அமெரிக்கர் செய்தார். அவருடைய கொம்பனிதான் பிறகு நெல்சன் பெயின்ட் கொம்பனிக்கு, மரத்துக்கும் மாட்டுக்கும் குறி போடுகிற உருண்டைகளைச் செய்து கொடுத்தது. 1981இல் நியூ ஹாம்ப்ஷயர் காட்டுக்குள் 12 பேர் அந்த மாட்டுக் குறித் துவக்குகளோடு இறங்கி விளையாடினார்கள். தொடக்கம் அதுதான்.

அம்மா: பார்த்தாயா, மாமாவே துவக்கு என்கிறார்.

பாமசி மாமா: உள்ளே இருப்பது பொலிஎதிலீன் கிளைக்கோலும் சாயமும். மலச்சிக்கலுக்கு நாங்கள் கொடுக்கிற தூளும் அந்த வகைதான். தண்ணீரில் கழுவினால் போய்விடும். ஆனால் நாய் பொறுக்கித் தின்றால், உடம்புத் தண்ணீரைக் குடலுக்கு இழுத்து ஆளையே விழுத்திவிடும். எங்கள் நாயை அந்தப் பக்கம் விடாதே.

பாமசி மாமா: மற்றது நம் ஊர்க் காற்று. ஜெலற்றின் ஈரத்தை இழுத்து ஊதும். உருண்டை 17.3 மில்லிமீற்றர்தான், கொஞ்சம் ஊதினாலே குழாய்க்குள் இறுகி அங்கேயே உடையும். கடற்கரையில் பெட்டியைத் திறந்து வைத்தால் கதை முடிந்தது. ஏசி அறை வேண்டும்.

பெரியக்கா: கரண்டு பில்லையும் சேர்த்துக்கொண்டேன். மாமா, அந்த ஜெலற்றின் எதிலிருந்து? தம்பியின் கூட்டாளிமார் பாதிப்பேர் கிண்ணியா முஸ்லிம் பெடியன்கள்.

பாமசி மாமா: பன்றியாகவும் இருக்கலாம், மாடாகவும் இருக்கலாம். எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நமக்கும் அது தேவைதான், வாயில் தெறிக்காது என்று இல்லையே.

டொராண்டோ அண்ணா: ஓடு பிளாஸ்டிக்கில் வருவதும் உண்டு. ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் என்று ஒரு வகை. முன்பாதி சாயம், பின்பாதி செதில் வைத்த வெற்றுக் கூடு. அந்தச் செதில் காற்றில் சுழற்றி நேராகக் கொண்டுபோகும். உருண்டையை விடத் தூரமும் குறியும் கூடுதல். ஆனால் ஒன்று அரை டொலரை ஒட்டி வரும். மார்க்கரின் மேலே இருக்கிற வழக்கமான தொட்டியில் கொட்டவும் முடியாது, வரிசையாக அடுக்கிச் செருகுகிற மகசின் வேண்டும்.

பெரியக்கா: ஒன்று 150 ரூபா. அடுத்தது.

அம்மா: பிளாஸ்டிக் என்றால் பேச்சே இல்லை. கோட்டை வாசலில் மான்கள் பொலித்தீன் மெல்லுவதைப் பார்த்துமா? காணிக்குள் மாடு வருகிறது.

தம்பி: அப்போ ஜெல் உருண்டை? கடுகளவு மணி, தண்ணீரில் ஊறவைத்தால் 7, 8 மில்லிமீற்றருக்கு வீங்கும். கிட்டத்தட்ட சும்மா மாதிரி விலை.

பாமசி மாமா: அதற்கு வேறு துவக்கு. அதிலும் சாயமில்லை. ஊறாத மணியைக் குழந்தை விழுங்கினால் குடலுக்குள்ளே வீங்கி அடைத்துவிடும். மாட்டுக்கும் நல்லதில்லை.

பெரியக்கா: நான் ஒன்று பார்த்தேன். அரை அங்குல உருண்டை, 12.7 மில்லிமீற்றர். கனஅளவைக் கணக்குப் பார், பெரியதில் ஐந்தில் இரண்டு பங்குதான். சாயமும் ஓடும் குறைவு, அதே அளவு பெட்டியில் அதிகம் அடங்கும். பெரியது 3 கிராம், இது ஒன்றேகால் கிராம் மட்டில்.

டொராண்டோ அண்ணா: நோவும் குறைவு. நொடிக்கு 90 மீற்றர் வேகத்தில் பெரியதின் அடிச் சக்தி 12 ஜூல், சின்னதில் 5. பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுக்கிறார்கள். லேசானதால் கடல்காற்று தள்ளும், தூரமும் போகாது.

தம்பி: காணி சின்னதுதானே அண்ணா. பின்னால் வேலி மட்டும் உயர்த்தினால் போதும்.

பெரியக்கா: இரண்டு பெட்டிக்கு மேல் எடுக்காதே. மாரிக்கு முன் முடிக்க வேண்டும். காசு நான் போடுகிறேன், கணக்கு என்னிடம் இருக்கும்.

அம்மா: அம்மம்மா பக்கத்தில் இருந்து கேட்கிறா. அம்மன் கோவிலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடுவதற்கு இவ்வளவு காசு போனதில்லையாம். ஆனால் முதல் உருண்டை தனக்கு வேண்டுமாம்.

தம்பி: அம்மம்மா யாருக்கு அடிக்கப் போகிறா?

அம்மா: சித்தப்பாவுக்காம். அந்தச் சிவப்புக் காய் தன்னுடையதாம்.

சித்தப்பா: நான் எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.