முதல் இழுப்பைக் கழித்துவிடலாமா?

நகரித் தறிப்பிள்ளை:
வணக்கம். எனக்கு ஊர் நகரி, ஆந்திராவின் சித்தூர்ப் பக்கம், வீட்டில் விசைத்தறி. பக்கத்துப் புத்தூருக்கு எலும்புக் கட்டுப் போட வருகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவன். எலும்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அதைத் தசையோடு பிணைக்கும் கயிற்றை யாரும் விசாரிப்பதில்லை. அதனால் முதுநிலைத் திட்டத்துக்குத் தசைநாணை எடுத்துக்கொண்டேன்.

கறிக்கடையில் வாங்கிய ஆட்டின் பின்னங்கால் நாணை இழுவை எந்திரத்தில் மாட்டிப் பத்து முறை இழுத்தேன். நீட்சிக்கு எதிராக விசையை வரைந்தால் முதல் வளைகோடு ஓரிடத்தில், பத்தாவது வேறிடத்தில். ஏழாவதிலிருந்துதான் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. வழிகாட்டி, ‘முதல் ஆறையும் கழித்துவிடு’ என்கிறார். கணக்கு அழகாக வரவேண்டும் என்பதற்காகக் கண்ணால் பார்த்ததைக் கழிப்பதா என்று உறுத்துகிறது. இன்னொன்று: மூன்றாம் படிப் பல்லுறுப்புக்கோவை என் புள்ளிகளில் கச்சிதமாக உட்காருகிறது. பிறகு எதற்கு, மென்திசுக்களுக்கென்று உயிரிவிசையியல் அறிஞர் ஃபங் எழுதிய அடுக்குக்குறிச் சமன்பாடு?

பழைய வாத்தியார்:
தம்பி, நானும் சித்தூர்தான், பாலக்காட்டுச் சித்தூர். உனக்குத் தறியை வைத்தே சொல்கிறேன். தளர்ந்த பாவு நூலை இழுத்தால் முதலில் தொய்வு மட்டும் நிமிரும், கைக்குப் பாரமே தெரியாது. பிறகு இழைகள் ஒவ்வொன்றாக விறைத்துச் சுமையை வாங்கும். நாணில் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகளும் நெளிந்துதான் கிடக்கின்றன. ஏறத்தாழ 2 சதவீத நீட்சி வரை உன் வளைகோடு சப்பையாகக் கிடப்பது அதனால்தான்.

ஃபங் 1967இல் முயலின் குடல்தாங்கிச் சவ்வை இழுத்த கணக்கை எழுதினார். வளைகோட்டின் சாய்வை, அதாவது விறைப்பை, எடுத்துத் தகைவுக்கு (ஓரலகு பரப்பில் விழும் விசைக்கு) எதிராக வரைந்தபோது ஏறத்தாழ நேர்கோடு வந்தது. தகைவு ஏற ஏற விறைப்பும் அதே போக்கில் ஏறுகிறது என்று பொருள். அதைத் தொகையிட்டால் அடுக்குக்குறி தானே வந்து நிற்கும்; அவர் எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டவில்லை. உன் பல்லுறுப்புக்கோவையோ கடைசிப் புள்ளியைத் தாண்டியதும் தலைகுப்புறக் கவிழலாம். காயப்படாத நாண் நீட்ட நீட்ட இளகாது. ஒன்று மட்டும்: நாணில் நெளிவு நிமிர்ந்த பிறகு கோடு நேராகவே ஏறும், அடுக்குக்குறியைத் தொடக்கப் பகுதிக்கு வைத்துக்கொள்.

கழிப்பது ஏமாற்று அல்ல. நடந்து திரிந்த ஆட்டின் நாண் ஓயாமல் இழுபட்டுப் பழகியது. அறுத்து எடுத்துவைத்ததில் அந்தப் பழக்கம் போயிருக்கும், முதல் சுற்றுகளில் அதை மீட்கிறாய். எத்தனை சுற்று, எவ்வளவு நீட்சி, என்ன வேகம் என்பதை மட்டும் ஒளிக்காமல் எழுது. பழக்கிய அளவைத் தாண்டி நீட்டினால் மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டும்.

களியக்காவிளை அக்கா:
வாத்தியார் சொன்னதில் குறையில்லை. ஆனால் தம்பி, நாண் பழகியதா, பிடியிலிருந்து வழுக்கியதா என்று பார்த்தீர்களா? எந்திரத்தின் நகர்வை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். நான் ஒரு வருடம் வழுக்கலுக்குத்தான் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தேன்! நாணின் நடுவில் மையால் இரண்டு புள்ளி வைத்து, அவற்றின் இடைவெளியைக் கேமராவில் அளந்து பாருங்கள். உப்பு நீரால் நனைத்துக்கொண்டே இருங்கள். காய்ந்த நாண் வேறு பொருள்.

நகரித் தறிப்பிள்ளை:
அக்கா, பிடியின் ஓரத்தில் கோடு போட்டுவிட்டு இழுத்தேன். பத்துச் சுற்றில் அது மூன்று மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கிறது. மணல்தாள் வைத்துப் பிடித்து நாளை மறுபடி தொடங்குகிறேன். கறிக்கடைக்காரர், இன்னும் எத்தனை கால் வேண்டும் என்கிறார்.