அக்னி தீர்த்தத்துல ஊதுன சங்கு: உங்க பக்கமும் இப்படி நடந்ததுண்டா?

ராமேஸ்வரம் கடைக்காரன்:
தை அமாவாசைக் கூட்டம் ஓய்ஞ்ச சமயம். கல்கத்தாப் பக்கத்துக் குடும்பம் ஒண்ணு, தீர்த்தக் கரையில இருக்குற என் சங்குக் கடைக்கு வந்துச்சு. அந்தம்மா ஊதுற சங்கு ஒண்ணை எடுத்து, தலையை நிமிர்த்தி ஊதுச்சு பாருங்க, இங்க ஆம்பளைகளுக்கே அந்த மூச்சு வராது. எதிர்த்தாப்ல பூக் கட்டிக்கிட்டிருந்த ஆத்தா நாரை வீசிட்டு எந்திரிச்சு, "எவடி அவ, விளக்கு வைக்கிற நேரத்துல எழவுச் சங்கு ஊதுறவ"ன்னு கத்துது. அந்தம்மாவுக்கு ஒரு எழுத்து புரியல. பாராட்டுறாங்கன்னு நெனச்சு, சிரிச்சுக்கிட்டே இன்னொரு தடவை ஊதிருச்சு! மகளுக்குக் கல்யாணமாம், அதுக்குத்தான் சங்கே. அன்னையிலிருந்து ஆத்தா என் கடைக்குப் பூ தர்றதில்ல. நான் என்ன பண்ணேன்?

கீழக்கரையான்:
எங்க வாப்பா சங்கு குளிக்கப் போனவங்க. அவங்களுக்குச் சங்குல சாமியும் கிடையாது, சாவும் கிடையாது, சைசுதான். அளவு பார்க்குற வளையத்துக்குள்ள நுழைஞ்சா சின்னது, விலை இல்ல. மன்னார் வளைகுடாச் சங்கு காலங்காலமா வங்காளத்துக்குத்தான் போகுது, வளையல் அறுக்க. ஒரு தடவை வியாபாரமா அங்க பிஷ்ணுபூர்ங்கிற ஊருக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டுல திண்ணை, கட்டில், தரையெல்லாம் வெள்ளை வெளேர்னு வளையல். தூள் துடைச்சுக்கிட்டிருந்த பெரியம்மா கையில மட்டும் ஒண்ணுகூட இல்ல. புருஷன் போனா சங்கு வளையலைக் கழட்டிரணுமாம். அவங்க மருமகளுக்கு முழங்கை வரைக்கும் இருந்துச்சு. அந்த வெறுங்கை இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஆத்தாவைத் திட்டாதீங்க பாய், அதுக்குத் தெரிஞ்சது அது.

தேவிபட்டினம் வாத்தியார்:
சங்குன்னா எழவுன்னு யாருங்க சொன்னது? கோயில்ல ஊதலையா? நிலைவாசலுக்கு அடியில புதைக்கலையா? பச்சப்புள்ளைக்குச் சங்குலதானே பால் புகட்டுனோம்? ஆத்தா சொன்னா அது ஊர் வழக்கம் ஆயிருமா?

என் அனுபவம் சின்னது. மச்சினன், அபூர்வமா வலப்பக்கம் சுத்துற வலம்புரிச் சங்குன்னு பெரிய காசு கொடுத்து ஒண்ணு வாங்கி, பூசை அறையில வச்சிருந்தான். நான் வாய்க்குள்ள விரல் விட்டேன், வழவழன்னு இருந்துச்சு. அன்னைக்கு அவன் முகத்தைப் பார்க்கணுமே!

வாங்குறவங்க கவனிங்க. நம்ம கடல் சங்குக்கு உள்தண்டுல 3, 4 வரி மேடா விரல்ல தட்டுப்படும். அமெரிக்காப் பக்கத்துக் கடல்ல வேற ஒரு சாதி இருக்கு, அது பிறவியிலேயே வலம்புரி மாதிரிதான் சுத்தும். அங்க அது சாதாரணம், இங்க வலம்புரின்னு தலையில கட்டிருவாங்க. அதுல அந்த வரி இருக்காது. காதுல வச்சா ஓம்னு கேக்கும்பாங்க, அதை நம்பாதீங்க, எந்தச் சங்கும் இரையத்தான் செய்யும். பால்ல போட்டுப் பாருங்க, அரிசியில வச்சுப் பாருங்கம்பாங்க, அதெல்லாம் கதை. ரசீது கேளுங்க. சந்தேகமா இருந்தா மண்டபம் ஊர்ல கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, விவரம் தெரிஞ்சவங்களைக் கேளுங்க.

ராமேஸ்வரம் கடைக்காரன்:
வாத்தியாரே, வலம்புரியை யாரு கேட்டா? அதோட, கோயில் சங்கு வேற, தெருவுல கேக்குற சங்கு வேற. ராத்திரி உங்க தெருமுனையில சங்குச் சத்தம் கேட்டா, சாமி ஊர்வலம்னு நெனச்சு ஓடி வருவீங்களா? யாரு போயிட்டாங்கன்னுதானே கேப்பீங்க?

தங்கச்சிமடம்:
எங்க தெருவுல சாவுக்குச் சங்கே கிடையாது, வேதக்கோயில் (சர்ச்) மணிதான். விட்டு விட்டு ஒத்தையா அடிக்கும். எங்க சித்தப்பா தவறுன அன்னைக்கு ஒரு டூரிஸ்ட் வேன் நின்னுச்சு. வடக்கத்திக்காரங்க இறங்கி, மணிச் சத்தத்துக்குக் கன்னத்துல போட்டுக்கிட்டு, கோபுரத்துக்கு முன்னாடி செல்பி எடுத்தாங்க. என் தம்பி அடிக்கவே போயிட்டான். சித்திதான், "விடுறா, கும்புடத்தானே செய்றாங்க"ன்னாங்க.